தம்பி காட்டுக்குப் போகிறேன் என்கிறான், வீட்டில் சண்டை

வெள்ளவத்தை அக்கா | ஞாயிறு, இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். என் தம்பி ஜயவர்தனபுர கம்பஸில் பிரயோக விஞ்ஞான பீடம். சிறப்புப் பட்டத்துக்கு எதை எடுப்பது என்று இந்த மாதம் முடிவு செய்ய வேண்டும். இரசாயனவியல் கிடைக்கும் அளவுக்குப் புள்ளி இருக்கிறது. அவனோ வனவியல்தான் என்கிறான். அயன மண்டலக் காடு, காலநிலை நிதி, ஆராய்ச்சி என்று இரவு இரண்டு மணி வரை எதையோ வாசிக்கிறான்.

அம்மாவுக்கு விளங்கியது 'காடு' என்ற சொல் மட்டும்தான். "உயர்தரத்தில் பயோ எடுத்த பிள்ளை மரம் எண்ணப் போகிறானாம்" என்று காலி வீதிக்கே கேட்கும்படி சொல்லிக்கொண்டிருக்கிறார். அப்பா வாயே திறப்பதில்லை. அது இன்னும் மோசம்.

இது உண்மையில் ஒரு தொழிலா? கொழும்பில் வீட்டை வைத்துக்கொண்டு செய்யலாமா? இந்தக் காலநிலை நிதி என்பது யார் யாருக்குக் கொடுக்கும் காசு? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். கேலி செய்ய வருபவர்கள் வரிசையில் நில்லுங்கள், அம்மாதான் முதல்.

கொட்டாஞ்சேனைக் கணக்கர் | ஞாயிறு, இரவு 9.58

தங்கச்சி, கடைசிக் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன், கடன் பகுதியில் இருபது வருடம் இருந்தவன். 2009 இல் கோபன்ஹேகன் காலநிலை மாநாட்டில் பணக்கார நாடுகள் ஏழை நாடுகளுக்கு 2020 ஆகும்போது வருடம் 100 பில்லியன் டொலர் திரட்டித் தருவதாகச் சொன்னார்கள். பணக்கார நாடுகளின் பொருளாதார அமைப்பான ஓஇசிடியின் கணக்குப்படி அந்த எல்லையை முதலில் தாண்டியது 2022 இல்தான், 115.9 பில்லியன். 2024 இல் பாகு மாநாட்டில் அதை 2035 ஆகும்போது 300 பில்லியன் ஆக்குவோம் என்றார்கள்.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அரசுகள் வழியாக வருவதில் பெரும்பங்கு கடன். வட்டி குறைவாக இருக்கலாம், ஆனாலும் கட்ட வேண்டிய காசு. 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடன் கட்ட முடியாது என்று கையை விரித்த நாடு நம்முடையது. இதை நம்பி ஒரு பிள்ளை நான்கு வருடம் படிப்பதா? இரசாயனவியல் எடுக்கச் சொல்லுங்கள். மருந்துக் கம்பனி, பெயின்ற் கம்பனி, எங்காவது வேலை இருக்கும்.

அளவுநாடா | ஞாயிறு, இரவு 10.35

கணக்கர் அண்ணை சொன்னதில் பொய் இல்லை. ஆனால் அவர் காசின் பக்கத்திலிருந்து பேசுகிறார், நான் மரத்தின் பக்கத்திலிருந்து சொல்கிறேன். பதினாறு வருடமாக இதே வேலை. முதல் ஆறு வருடம் காட்டுக்குள், பிறகு வெளிநாட்டில் முதுமாணி, இப்போது பத்தரமுல்லையில் ஒரு மேசை.

ஒரே ஒரு மழைக்காட்டு மரத்தை எடுப்போம். நெஞ்சளவு உயரத்தில், அதாவது நிலத்திலிருந்து 1.3 மீற்றரில், விட்டம் 50 சென்ரிமீற்றர். உயரம் 30 மீற்றர். மரத்தின் அடர்த்தி கன சென்ரிமீற்றருக்கு 0.6 கிராம். உலகெங்கும் இன்று அதிகம் பாவிப்பது ஷாவ் குழு 2014 இல் வெளியிட்ட சமன்பாடு. அடர்த்தியையும் விட்டத்தின் வர்க்கத்தையும் உயரத்தையும் பெருக்கி, 0.976 என்ற அடுக்குக்கு உயர்த்தி, 0.0673 ஆல் பெருக்கினால் நிலத்துக்கு மேலுள்ள உலர்நிறை கிலோவில் வரும். இந்த மரத்துக்கு 2340 கிலோ அளவு. அதில் 47 சதவீதம் காபன், 1100 கிலோ. காபனீரொட்சைட்டாக மாற்ற 44 ஐ 12 ஆல் வகுத்துப் பெருக்க வேண்டும். 4 தொன்னுக்குக் கொஞ்சம் மேலே நிற்கும்.

தென் கொரியாவின் சொங்டோவில் இருக்கும் பசுமைக் காலநிலை நிதியம் காடுகளுக்கான தன் முன்னோடித் திட்டத்தில் தொன்னுக்கு 5 டொலர் கொடுத்தது. அந்த விலையில் நம் மரத்தின் காபன் 20 டொலர். ஆறாயிரம் ரூபா என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது தம்பி செய்யப்போகும் வேலை எங்கே வருகிறது என்று பாருங்கள். நான் புதிதாகச் சேர்ந்த காலத்தில் ஒரு குழு காட்டிலிருந்து அனுப்பிய தாள்களைக் கணினியில் ஏற்றிக்கொண்டிருந்தேன். மரம் அளக்கக் குறித்த நிலச் சதுரங்களில் ஒன்றில் மட்டும் மரங்கள் பூதம் மாதிரி. 157, 188, 220. வடிவாகப் பார்த்தால், அன்று நாடா பிடித்தவர் விட்டக் கட்டத்தில் சுற்றளவை எழுதியிருக்கிறார். விட்டம் 50 என்றால் சுற்றளவு 157. சமன்பாட்டில் விட்டம் வர்க்கமாகப் போவதால் ஒரு மரம் ஒன்பது மரத்துக்கு மேலான எடைக்கு வந்துவிட்டது. 20 டொலர் மரம் 180 டொலர் மரமாகி, அந்த எண் ஒரு வரைவு அறிக்கைக்குள்ளும் போய்விட்டது. கண்டுபிடித்துச் சொன்னபோது எனக்கு நன்றி கிடைக்கவில்லை, அறிக்கை தாமதமானதுக்குத் திட்டுத்தான் கிடைத்தது. அப்புறம் அந்தத் தாளை எழுதியவர் யார் என்று தேடினார்கள். நல்ல காலம், நான் இல்லை.

அம்மாவிடம் சொல்லுங்கள், மரம் எண்ணுவது அவ்வளவு லேசான வேலை இல்லை.

பம்பலப்பிட்டி பஸ் | ஞாயிறு, இரவு 10.41

ஒரு மரம் ஆறாயிரம் ரூபாவா? லொறிக்காரன் அதைவிட எத்தனையோ மடங்கு தருவானே. முதிரைப் பலகை இப்போது என்ன விலை என்று மரக்காலையில் கேட்டுப் பாருங்கள்.

அளவுநாடா | ஞாயிறு, இரவு 11.10

பஸ் தம்பி பகிடியாகச் சொன்னாலும் இருபது வருட விவாதம் முழுக்க அந்த ஒரு வரிதான். மரத்தை நிற்க வைப்பதற்கான காசு வெட்டுவதற்கான காசுடன் போட்டி போட முடியுமா?

இன்னொன்றும் இருக்கிறது. அந்த 20 டொலரையும் நிற்கும் மரத்துக்கு எவரும் தருவதில்லை. 2005 இல் மொன்றியல் காலநிலை மாநாட்டில் பப்புவா நியூகினியாவும் கொஸ்டாரிக்காவும் வைத்த யோசனையிலிருந்துதான் ரெட் பிளஸ் என்ற காட்டு நிதி ஏற்பாடு வளர்ந்தது, 2013 இல் வோர்சோவில் விதிகள் முழுமையாயின. அதன் கணக்கு இதுதான்: முன்பு வருடத்துக்கு இவ்வளவு காடு அழிந்தது, இப்போது அதைவிடக் குறைவு, அந்த வித்தியாசத்துக்குக் காசு. ஆகவே நிறைய அழித்துக்கொண்டிருந்த நாடு கையை நிறுத்தினால் நிறையக் கிடைக்கும். 2019 இல் பசுமைக் காலநிலை நிதியத்திடமிருந்து இப்படி முதலில் பெற்றது பிரேசில், 96.5 மில்லியன் டொலர்.

நம் நிலைமை வேறு. நம் மலைக்காட்டை வெள்ளைக்காரன் 19 ஆம் நூற்றாண்டிலேயே கோப்பிக்கும் தேயிலைக்கும் வெட்டி முடித்துவிட்டான். அந்தக் காபனுக்கு இன்று எவரும் பற்றுச்சீட்டுக் கேட்பதில்லை. வனவளத் திணைக்களத்தின் 2010 மதிப்பீட்டில் மிஞ்சிய காடு 29.7 சதவீதம். இலங்கையின் ரெட் பிளஸ் தயாரிப்பு வேலை 2013 முதல் 2017 வரை நடந்தது. முதலீட்டுத் திட்டம் எழுதினோம், முன்பு எவ்வளவு அழிந்தது என்ற அடிப்படை அளவையும் 2017 இல் சமர்ப்பித்தோம். நல்ல வேலை, நானே அதில் படித்தது அதிகம். ஆனால் பிரேசில் மாதிரிக் குறைத்துக்காட்ட நம்மிடம் அவ்வளவு அழிவு இல்லை.

கொட்டாஞ்சேனைக் கணக்கர் | திங்கள், காலை 6.20

நான் சொன்னதைத்தானே நீங்களும் சுற்றிவளைத்துச் சொல்கிறீர்கள். காட்டைக் காப்பாற்றியதாகச் சொல்லிக் கம்பனிகளுக்கு விற்கும் காபன் வரவுகளின் கதையும் நாறிவிட்டது அல்லவா? 2023 ஜனவரியில் கார்டியன் பத்திரிகை எழுதியதை வாசித்தேன்.

அளவுநாடா | திங்கள், காலை 7.05

நாறியது உண்மை. காபன் வரவுகளுக்குச் சான்று கொடுக்கும் வெர்ரா என்ற அமைப்பு சான்றளித்த மழைக்காட்டு வரவுகளில் 90 சதவீதத்துக்கு மேல் உண்மையான குறைப்பு இல்லை என்று கார்டியனும் கூட்டாளிகளும் எழுதினார்கள், வெர்ரா மறுத்தது. அதே வருடம் சயன்ஸ் சஞ்சிகையில் ஆறு நாடுகளின் 26 திட்டங்களை ஆராய்ந்த கட்டுரையும் வந்தது. பெரும்பாலானவை காடழிப்பைக் குறிப்பிடத்தக்க அளவு குறைக்கவில்லை என்று முடிவு. பிழை எங்கே வந்தது தெரியுமா? 'எங்கள் திட்டம் இல்லாவிட்டால் இந்தக் காடு இவ்வளவு வேகத்தில் அழிந்திருக்கும்' என்ற ஊகத்தைக் கூட்டி வைத்ததில். நடக்காத ஒன்றை அளப்பதுதான் இந்தத் துறையின் மிகச் சிக்கலான கேள்வி.

அண்ணை, இது துறை செத்ததற்குச் சாட்சி என்கிறீர்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை. அதைக் கண்டுபிடித்தவர்களும் இதே தொழில்தான். கணக்கில் களவு நடந்தால் கணக்காய்வாளர் வேலை இல்லாமல் போகுமா?

வன்னியான் | திங்கள், பிற்பகல் 1.15

இடையில் வருகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் எல்லோரும் 'காடு' என்று சொல்லும்போது எனக்கு வேறு ஒரு படம் வருகிறது.

நாங்கள் இடம்பெயர்ந்து, முகாமில் இருந்து, ஊருக்குத் திரும்பியது 2011 இல். அப்பாவின் மேட்டுக்காணியில் எல்லைக்கல் நட்டிருந்தது. காடாம். காணி உறுதியைக் காட்டினோம், உறுதி பழசாம். வரைபடத்தில் பச்சையாக இருக்கிறதாம். பச்சைதான், யார் இல்லை என்றது? இருபது வருடம் ஆள் இல்லாவிட்டால் எந்த வளவும் பச்சையாகும். வாசலில் சூரை, கொல்லையில் உண்ணிச்செடி, நடுவில் வீரை ஒன்று வீட்டுக் கூரை உயரத்துக்கு.

அப்பா கத்தியோடு உள்ளே போய் ஒரு மணித்தியாலம் வெட்டி, கிணற்றுக் கட்டைக் காட்டினார். 1974 என்று சீமெந்தில் எழுதி இருந்தது, அவர் கலியாணம் கட்டிய வருடம். வந்திருந்த அலுவலர் அதைக் கைபேசியில் படம் எடுத்துக்கொண்டு போனார். பிறகு அந்தப் படத்துக்கு என்ன நடந்தது என்று இன்றுவரை தெரியாது. இப்போது அதற்கு மேல் காபன் காசும் வரப்போகிறது என்றால், எங்கள் கிணற்றுக்கு மேல் வளர்ந்த காபனுக்கு யாரிடம் காசு கொடுப்பீர்கள்?

முப்பது மீற்றர் | திங்கள், மாலை 4.40

வன்னியான் அண்ணா எழுதியதை இரண்டு தரம் வாசித்தேன். நான் செய்யும் வேலை இதுதான், மேலிருந்து பார்ப்பது. நுகேகொடையில் வாடகை அறை, வேலை கொடுப்பது வெளிநாட்டு ஆய்வு நிறுவனம் ஒன்று.

லாண்ட்சாட் என்ற அமெரிக்கச் செய்மதியின் படங்கள் 2008 இலிருந்து எல்லோருக்கும் இலவசம். ஒரு புள்ளி என்பது நிலத்தில் 30 மீற்றருக்கு 30 மீற்றர், ஏறத்தாழ மூன்றரைப் பரப்புக் காணி. அந்தப் புள்ளிக்குள் என்ன இருந்தாலும் எனக்கு ஒரே நிறம். களுத்துறைப் பக்கம் முதிர்ந்த இறப்பர் தோட்டம் காடு மாதிரித் தெரியும். கண்டியில் பலாவும் கிராம்பும் மிளகும் கலந்த வீட்டுத்தோட்டம், அதுவும் காடு. வன்னியில் கைவிட்ட வளவு 1990 இல் வெளிர், 2010 இல் கடும்பச்சை. என் மென்பொருள் அதற்கு வைக்கும் பெயர் 'காடு மீள்வளர்ச்சி'. அண்ணாவின் அப்பா பட்ட பாடு எனக்கு ஒரு நல்ல செய்தியாகத்தான் வந்து விழும்.

கிணறு எனக்குத் தெரியாது. ஒரு கிணற்றின் வாய் இரண்டு மூன்று மீற்றர்.

அதனால்தான் நிலத்துக்குப் போய் வரும் ஒருவர் வேண்டும். பனை வரிசையாக நின்றால் அது யாரோ போட்ட எல்லை, தானாக முளைத்தது அல்ல என்று பார்த்தவுடன் சொல்லக்கூடியவர். அந்த ஊர்க் கிழவியிடம் உட்கார்ந்து தமிழில் கதைக்கக்கூடியவர், பிறகு அதை ஆங்கிலத்தில் ஒரு அட்டவணையாக எழுதக்கூடியவர். என் நிறுவனத்தில் வட மாகாணப் பக்கத்துக்கு அப்படி ஒரு ஆள் இரண்டு வருடமாகத் தேடுகிறார்கள். விண்ணப்பங்களில் படிப்பு இருக்கிறது, களம் இல்லை. களம் தெரிந்தவர்கள் விண்ணப்பிப்பதே இல்லை.

அளவுநாடா | திங்கள், மாலை 5.30

வன்னியான், உங்கள் கேள்விக்கு முழுப் பதில் என்னிடம் இல்லை. ரெட் பிளஸுக்காக 2010 இல் கன்கூன் மாநாட்டில் ஒப்புக்கொண்ட ஏழு பாதுகாப்பு நிபந்தனைகளில் உள்ளூர் மக்களின் உரிமை இருக்கிறது. 2025 நவம்பரில் பெலெமில் பிரேசில் தொடங்கிய புதிய காட்டு நிதியத் திட்டத்தில் நிற்கும் காட்டுக்கே ஹெக்டேருக்கு வருடம் 4 டொலர் அளவு என்கிறார்கள், அதில் ஐந்தில் ஒரு பங்காவது அங்கு வாழும் மக்களுக்குப் போக வேண்டும் என்பது விதி. காகிதத்தில் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் யார் 'அங்கு வாழும் மக்கள்' என்பதை எழுதுபவர் அந்தக் கிணற்றைக் கண்டிருக்க வேண்டும். காணாதவர் எழுதினால் விதி இருந்தும் பயன் இல்லை.

4 டொலரையும் பெருக்கிப் பார்த்தேன், பழக்கதோஷம். நம் காடு மொத்தம் 19 லட்சம் ஹெக்டேர் சொச்சம். எல்லாமே தகுதி பெற்றாலும் வருடம் 8 மில்லியன் டொலருக்குள். எல்லாம் தகுதி பெறாது.

வெள்ளவத்தை அக்கா | திங்கள், இரவு 8.50

இவ்வளவு வரும் என்று நினைக்கவில்லை. தம்பி பக்கத்தில் இருந்து எல்லாம் வாசித்தான், சாப்பாடு ஆறிவிட்டது. கீழே எழுதுவது அவன்.

அண்ணாமார், அக்கா, நன்றி. எனக்குச் சிங்களம் கடைக்குப் போய்ச் சாமான் வாங்கும் அளவுக்குத்தான் தெரியும். அது போதுமா? இப்போதே என்ன பழகலாம்? கம்பஸ் முடிந்தால் வெளிநாடு போகத்தான் வேண்டுமா? இரசாயனவியலை விட்டதுக்குப் பிறகு கவலைப்படுவேனா? கடைசிக் கேள்வி அம்மா கேட்கச் சொன்னது.

அளவுநாடா | திங்கள், இரவு 9.45

தம்பி, சிங்களம் போதாது, ஆனால் வரும். யகிரலக் காட்டில் உங்கள் துறைக்கே களநிலையம் இருக்கிறது. அங்கே ஊர்க்காரர்களோடு இரண்டு வாரம் நின்றால் காலி வீதியில் இருபது வருடம் படிக்காத சிங்களம் படிப்பாய். மரப் பெயர்களைச் சிங்களத்திலும் தமிழிலும் சேர்த்துப் படி. ஈரவலயத்தில் ஹோர, தினிய, நா. வடக்கே பாலை, முதிரை, வீரை, கருங்காலி. உதவியாளர் சொல்லும் பெயர் விளங்காவிட்டால் உன் தாளில் 'இனந்தெரியாதது' என்றுதான் நிரம்பும்.

வாய்ப்புக் கிடைத்தால் சிங்கராஜாவின் 25 ஹெக்டேர் ஆய்வுச் சதுரத்தைப் போய்ப் பார். பேராதனையின் நிமல் குணதிலக்க, சாவித்திரி குணதிலக்க தம்பதி 1990களில் தொடக்கியது. 1 சென்ரிமீற்றர் விட்டத்துக்கு மேலான ஒவ்வொரு தண்டையும் அளந்து இலக்கத் தகடு கட்டியிருக்கிறார்கள், இரண்டு லட்சத்தை நெருங்கும். பனாமாவின் பாரோ கொலராடோ தீவில் 1980களின் தொடக்கத்தில் ஆரம்பித்த முறை, இன்று உலகெங்கும் ஒரே விதியில் நடக்கிறது. ஒரு காடு எத்தனை காபன் பிடிக்கிறது என்று நிதிக்காரர் மேசையில் அடித்துப் பேசுவதெல்லாம் கடைசியில் இப்படிப்பட்ட தகடுகளில் வந்து நிற்கும். இதே சிங்கராஜாவை 1970களில் ஒட்டுப்பலகைக்காக இயந்திரம் வைத்து வெட்டினார்கள், எதிர்ப்பில்தான் நின்றது. 1988 இல் உலக மரபுரிமை ஆனது.

வெளிநாடு? முதுமாணிக்குப் போய் வா, புலமைப்பரிசிலில். சொந்தக் காசில் வேண்டாம். ஒரு காலம் இந்தோனேசியாவின் பொகோரில் இருக்க முடிந்தால் நல்லது. சிஃபோர் என்ற சர்வதேசக் காட்டு ஆய்வு நிலையம் 1993 முதல் அங்கே இருக்கிறது, காட்டையும் காசையும் ஒரே மேசையில் வைத்துப் பேசும் இடம்.

கவலை? வரும். இந்த வேலையில் பாதிப் பேர் ஒப்பந்தக்காரர். திட்டம் முடிந்தால் மூன்று மாதம் வீட்டில் இருப்பாய். அப்போது இரசாயனவியல் படித்த நண்பனின் கார் வடிவாகத்தான் தெரியும். இதை அம்மாவிடம் மறைக்காதே.

முப்பது மீற்றர் | திங்கள், இரவு 10.02

நான் ஒன்று சேர்க்கிறேன். புள்ளிவிபரத்துக்கு ஆர் என்ற கணினி மொழியும் வரைபடத்துக்குக் கியூஜிஐஎஸ் என்ற மென்பொருளும் இன்றே தொடங்கலாம், இரண்டும் இலவசம். அளக்கப் பழகக் காட்டுக்கே போக வேண்டும் என்றில்லை. கொழும்பு 2018 இல் ஈரநிலங்களுக்கான சர்வதேச ஒப்பந்தமான ராம்சாரின் கீழ் ஈரநில நகரமாக அங்கீகாரம் பெற்றது. பெத்தகான ஈரநிலப் பூங்காவுக்கு ஞாயிறு காலை போ. 20 மீற்றருக்கு 20 மீற்றர் மனதுக்குள் கட்டி, இரண்டு பேர் தனித்தனியாக விட்டத்தை மதிப்பிட்டு எழுதிப் பாருங்கள். இருவரின் எண்ணும் பொருந்தாது. ஏன் பொருந்தவில்லை என்று வீட்டுக்கு வந்து சண்டை போடுவதுதான் முதல் பாடம்.

கொட்டாஞ்சேனைக் கணக்கர் | செவ்வாய், காலை 6.15

இரவு யோசித்தேன். என் பக்கத்துக்கும் இப்படி ஆள் வேண்டியிருக்கிறது. மத்திய வங்கி 2022 இல் எதைப் பசுமை முதலீடு என்று சொல்லலாம் என்ற பசுமை நிதி வகைப்படுத்தலை வெளியிட்டது. அதன் பிறகு பசுமை என்று சொல்லிக் கடன் கேட்டுக் கோப்பு வருகிறது. மரம் நடுகிறோம் என்று ஒருவர் எழுதினால் அது என்ன மரம், நிற்குமா, என்ன கணக்கு என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. கையொப்பம் மட்டும் போடுகிறோம். தம்பி வனவியலோடு கொஞ்சம் நிதியும் பொருளியலும் படித்தால் நான் என் வார்த்தையைப் பாதி திருப்பி எடுத்துக்கொள்கிறேன். மற்றப் பாதி அப்படியே இருக்கும், அது கடன்தான்.

வன்னியான் | செவ்வாய், காலை 7.30

தம்பி வன்னிப் பக்கம் அளக்க வந்தால் சொல்லுங்கள். அப்பா இருக்கிறார், கத்தியும் இருக்கிறது. எது வளவு, எது காடு என்று காட்டுவார். பின்னேரத்துக்குள் முடியாது, நின்றுதான் போக வேண்டும்.

வெள்ளவத்தை அக்கா | செவ்வாய், இரவு 9.05

சண்டை முடியவில்லை, ஆனால் வகை மாறிவிட்டது. தம்பி யகிரலப் பயணத்துக்குப் பெயர் கொடுத்துவிட்டான். அப்பா மூன்று நாளுக்குப் பிறகு வாய் திறந்து வன்னியான் எந்த ஊர் என்று கேட்டார், அவ்வளவுதான். அம்மா காட்டில் இரத்தம் உறிஞ்சும் அட்டை பற்றி யாரோ சொன்னதைக் கேட்டுவிட்டுத் தையல் மெஷினைத் துடைத்து வைத்திருக்கிறார். அட்டைக்குப் போடும் காலுறை என்ன துணியில் தைப்பது, எவ்வளவு உயரம் என்று கேட்கிறார். நான் இதை விளையாட்டுக்குக் கேட்கவில்லை, இங்கே துணி வெட்டுப்பட்டுக்கொண்டிருக்கிறது.

அளவுநாடா | செவ்வாய், இரவு 9.12

வெட்டுவதை நிறுத்தச் சொல்லுங்கள்! நெருக்கமான நெசவுள்ள பருத்தித் துணி, வெள்ளை அல்லது வெளிர் நிறம், அட்டை ஏறினால் தெரிய வேண்டும். முழங்கால் வரை உயரம், மேலே நாடா கோத்து இறுக்கக் கட்ட வேண்டும். தையல் வெளிப்பக்கமாக இருக்கட்டும், உள்ளே இருந்தால் சப்பாத்துக்குள் காலைக் கடிக்கும். இரண்டு சோடி தைக்கச் சொல்லுங்கள், ஒன்று எப்படியும் காயாது.